பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ‘பணித்திறன் மாதிரி’: அது என்ன, யார் எழுத வேண்டும், ஊழியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பட்டச் சான்றிதழில் இனிஷியல் மாறி அச்சாகியிருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள்தான். மாணவர் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் போகிறார். ஒரு கவுன்ட்டரில் "சலான் கட்டிட்டு வாங்க" என்கிறார்கள். கட்டிவிட்டு வந்தால், "கல்லூரி முதல்வர் கையெழுத்து இல்லையே". அதையும் வாங்கி வந்தால், "அந்த சீட் பார்க்கிறவர் லீவு, திங்கட்கிழமை வாங்க".

அதே கட்டடத்தில் வேறொரு மேசையில் இன்னொரு ஊழியர் இருப்பார். "பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல பேர் எப்படி இருக்கு?" என்று எடுத்தவுடனே கேட்பார். என்னென்ன ஆவணம் வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்பதை ஒரே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே படிப்பு.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடித்து எழுத்தில் கொண்டுவரும் முயற்சிக்குத்தான் ‘காம்பிடென்சி மாடல்’ என்று பெயர். தமிழில் பணித்திறன் மாதிரி என்று சொல்லலாம். தனியார் நிறுவனங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் இந்த முறை, இப்போது அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

பணித்திறன் மாதிரி என்றால் என்ன?

ஒரு பதவியில் இருப்பவர் அந்த வேலையை நன்றாகச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக எழுதி வைப்பதுதான் பணித்திறன் மாதிரி.

இது கல்வித் தகுதிப் பட்டியல் கிடையாது. ‘ஏதேனும் ஒரு பட்டம், தட்டச்சு ஹையர், கணினிச் சான்றிதழ்’ என்று அறிவிக்கையில் போடுவது, உள்ளே வருவதற்கான வாசல் மட்டும்தான். வேலை ஒதுக்கீட்டு ஆணையும் இது கிடையாது. ‘இந்த சீட் பி.காம். மறுமதிப்பீடு பார்க்கும்’ என்று அந்த ஆணை சொல்லும். அந்த வேலையை நன்றாகச் செய்வது என்றால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது.

இதை விளக்க மனிதவளத் துறையினர் பனிப்பாறையை உதாரணம் காட்டுவார்கள். தண்ணீருக்கு மேலே தெரிவது அறிவும் செய்திறனும். அடியில் மறைந்திருப்பது ஒருவரின் இயல்பு, தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் எண்ணம், அவரை உள்ளிருந்து இயக்கும் ஆர்வம். மேலே இருப்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடலாம், அடியில் இருப்பதை மாற்றுவது கஷ்டம். ஆனால் நம் தேர்வுகள் பெரும்பாலும் மேலே இருப்பதைத்தான் சோதிக்கின்றன.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1973-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் டேவிட் மெக்லேலண்ட், ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். புத்திக்கூர்மையைச் சோதிப்பதைவிட வேலைத்திறனைச் சோதியுங்கள் என்பதுதான் அதன் சாரம். பள்ளி மதிப்பெண்ணும் ஐ.க்யூ. சோதனையும் ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைச் சரியாகச் சொல்வதில்லை என்று அவர் வாதிட்டார்.

அவருடைய குழு செய்த ஒரு வேலை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. வெளிநாடுகளில் பணியாற்ற வேண்டிய இளம் தகவல் அதிகாரிகளை அமெரிக்க அரசு ஒரு கடினமான எழுத்துத் தேர்வு வைத்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் களத்தில் சிறப்பாக வேலை செய்தார்கள் என்று சொல்லவும் முடியவில்லை. மெக்லேலண்ட் குழு என்ன செய்தது தெரியுமா? மிகச் சிறந்தவர்கள் என்று பெயரெடுத்த அதிகாரிகளை ஒரு பக்கமும், சராசரியானவர்களை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டது. உங்கள் வேலையில் நன்றாக முடிந்த சம்பவம் எது, சொதப்பிய சம்பவம் எது, அன்று யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விரிவாகக் கேட்டது.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரிந்தது. வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பிடித்துக்கொள்ளும் காது, எதிரில் இருப்பவரை மதிக்கும் குணம், ஓர் ஊரில் யார் யாருக்குச் செல்வாக்கு என்பதைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும் திறமை. இதில் ஒன்றுகூட எழுத்துத் தேர்வில் இல்லை.

இதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர் காலத்தில், அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக ஜான் ஃபிளானகன் இதே போன்ற சம்பவ அடிப்படையிலான முறையை உருவாக்கியிருந்தார். 1954-ல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். 1982-ல் ரிச்சர்ட் பொயாட்ஸிஸ், 1993-ல் ஸ்பென்சர் தம்பதி ஆகியோரின் புத்தகங்கள் வந்த பிறகு இது பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் பரவியது.

பரவியபோது ஒன்று தொலைந்துபோனது. நன்றாக வேலை செய்பவரிடம் உட்கார்ந்து கேட்பதுதான் இந்த முறையின் உயிர். அதை விட்டுவிட்டு, ‘தலைமைப்பண்பு, குழு மனப்பான்மை, நேர மேலாண்மை’ என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியலை எடுத்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம் வந்தது. இன்று பல இடங்களில் ‘மாதிரி’ என்ற பெயரில் சுற்றுவது அந்த ஒட்டுப் பட்டியல்தான்.

பல்கலைக்கழகத்துக்கு இது ஏன் இப்போது தேவைப்படுகிறது?

முதல் காரணம், வேலையே மாறிவிட்டது. மார்க் ஷீட்டும் பட்டமும் தேசியக் கல்விக் களஞ்சியம் வழியாக டிஜிலாக்கருக்குப் போகின்றன. 2021-ல் ஏபிசி எனப்படும் கல்வி கிரெடிட் வங்கி வந்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கை கியூட் தேர்வுக்கு மாறியது. டெல்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘சமர்த்’ மென்பொருளில் சேர்க்கை, தேர்வு, விடுப்பு, கோப்பு என எல்லாவற்றையும் நடத்த முடிகிறது. பேரேட்டில் கையால் பதிந்து வேலை கற்றவர், இப்போது டேட்டாவில் ஒரு மாணவரின் பிறந்த தேதி தப்பாக ஏறினால் அது எத்தனை இடத்தில் எதிரொலிக்கும் என்பதைப் புரிந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பதவியின் பெயர் மட்டும் அதே ‘உதவியாளர்’.

இரண்டாவது காரணம், பதவி உயர்வு வரும் விதம். இளநிலை உதவியாளராகச் சேர்பவர், பணிமூப்பும் துறைத் தேர்வும் சேர்ந்து உதவியாளர், கண்காணிப்பாளர் என்று மேலே வருகிறார். நடுவில் தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு என்று மாற்றப்படுவார். கோப்பில் நேர்த்தியாகக் குறிப்பு எழுதுபவர் கண்காணிப்பாளர் ஆனதும், எட்டு பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். அதற்கு வேறொரு திறமை வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஆட்களை நகர்த்த வேண்டிய நெருக்கடி. 1929-ல் தொடங்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். நிதிச் சிக்கலில் மாட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து தமிழ்நாடு அரசு ஏற்றது. தேவைக்கு மேல் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பின்னர் பிற அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பணி நிரவலில் அனுப்பப்பட்டார்கள். இப்படி ஒருவரை வேறு அலுவலகத்துக்கு அனுப்பும்போது அவரைப் பற்றி என்ன தெரியும்? பணிப் பதிவேட்டில், அதாவது எஸ்.ஆர். புத்தகத்தில், சேர்ந்த தேதி இருக்கும், ஊதிய உயர்வு இருக்கும், எடுத்த விடுப்பு இருக்கும். அவருக்கு என்ன வேலை தெரியும் என்பதற்கு அதில் ஒரு பக்கமும் கிடையாது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் தேடிப் போகும் ஓர் ஆள் இருப்பார். பழைய விதி, பழைய பாடத்திட்டம், 1990-களின் மார்க் ரிஜிஸ்டர் எந்த அலமாரியில் என்பது வரை அவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தப் பிரிவு தடுமாறும். அவர் இருக்கும்வரை, நன்றாக வேலை செய்கிறார் என்பதாலேயே மற்றவர் வேலையும் அவர் தலையில் விழும்.

எப்படி உருவாக்குகிறார்கள்?

முதலில் பதவியை விட்டுவிட்டு சீட்டைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ‘உதவியாளர்’ என்ற ஒரே பெயரில் இருபது விதமான வேலை நடக்கிறது. தேர்வுப் பிரிவில் மெய்த்தன்மைச் சான்று அனுப்புபவரும், நிதிப் பிரிவில் ஓய்வூதியக் கோப்பு பார்ப்பவரும், விடுதிக் கணக்கு வைப்பவரும் செய்வது ஒரே வேலை இல்லை. ஆகவே ஒத்த வேலைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கிறார்கள். மாணவர் சேவை, தேர்வு, நிதி, பணியாளர் நிர்வாகம், ஆய்வகம், நூலகம், எஸ்டேட் என்பது போல.

அடுத்தது தகவல் திரட்டுவது. இதற்கு இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, மேலே சொன்ன சம்பவ நேர்காணல். இன்னொன்று ‘டேக்கம்’ எனப்படும் முறை. 1960-களின் கடைசியில் கனடாவில் உருவானது. ஒரே வேலையில் தேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு ஊழியர்களை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைப்பார்கள். நெறிப்படுத்த ஒருவர் இருப்பார். காலையில் வந்து முதலில் என்ன செய்வீர்கள், அதற்குப் பிறகு என்ன என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பணியையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு வேலையை அதைச் செய்பவரைவிடச் சரியாக வேறு யாராலும் விவரிக்க முடியாது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. அதிகாரிகள் அந்த அறைக்குள் இருந்தால் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்பதால், அவர்களைப் பங்கேற்பாளராகச் சேர்ப்பதில்லை.

சான்றிதழ் திருத்தம் பார்க்கும் சீட்டையே எடுத்துக்கொள்வோம். நன்றாக வேலை செய்யும் ஊழியரிடம் "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "விதிப்படி செய்றேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். "கடைசியாக உங்களைக் கஷ்டப்படுத்திய விண்ணப்பம் எது?" என்று கேட்டால்தான் கதை வரும். தந்தை பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. எதை ஆதாரமாக எடுத்தார், யாரிடம் கேட்டார், மாணவரிடம் எப்படிச் சொன்னார், மேலதிகாரிக்கு எப்படிக் குறிப்பு வைத்தார் என்று நூல் பிடித்துப் போகலாம்.

அந்தக் கதையில் இருந்து ஒரு திறனை எடுத்து, ‘விதியைப் புரிந்து முடிவெடுத்தல்’ என்று பெயர் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அதை மட்டங்களாகப் பிரிக்க வேண்டும். மாதிரி பயனுள்ளதா, அலங்காரமா என்பது இங்கேதான் தெரியும்.

முதல் மட்டத்தில் இருப்பவர், பட்டியலில் உள்ள ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பார். இரண்டாம் மட்டத்தில், ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை ஏற்க வேண்டும் என்று விதியைக் காட்டிச் சொல்வார், மாணவரை ஒரே முறையில் அனுப்புவார். மூன்றாம் மட்டத்தில், விதியே இல்லாத சூழலில் முன்னுதாரணத்தைத் தேடி எடுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் முடிவெடுக்கும்படி குறிப்பு தயாரிப்பார். நான்காம் மட்டத்தில், ஒரே மாதிரி தவறு நூறு பேருக்கு வருவதைக் கவனித்து, சேர்க்கைப் படிவத்தில் இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று எழுதுவார். எல்லோரும் நான்காம் மட்டத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இளநிலை உதவியாளருக்கு இரண்டு போதும், கண்காணிப்பாளருக்கு நான்கு வேண்டும்.

இப்படி ஒரு பதவிக்கு ஏழெட்டுத் திறன்களுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. முப்பது எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு ஒட்டுப் பட்டியல்களில் வராத திறன்களும் உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்க வந்திருக்கும் மாணவரிடமும், கூடவே வந்திருக்கும் அவர் அப்பாவிடமும் ‘புரொவிஷனல்’, ‘கன்சாலிடேட்டட்’ என்றால் என்னவென்று பேச்சுத் தமிழில் புரிய வைப்பது ஒரு திறன். அதே நாளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் பற்றி ஆங்கிலத்தில் பிழையில்லாமல் மின்னஞ்சல் அனுப்புவது இன்னொரு திறன். தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதை எந்தப் பட்டப் படிப்பும் கற்றுக் கொடுப்பதில்லை.

மற்ற இடங்களில் எப்படி?

பிரிட்டனில் பல்கலைக்கழக நிர்வாக அலுவலர்களுக்கென்று இயங்கிய ஏயுஏ என்ற தொழில்முறை சங்கம், தன் உறுப்பினர்களுக்காக ஒன்பது நடத்தைகள் கொண்ட ஒரு சட்டகத்தை உருவாக்கியது. தன்னை நிர்வகிப்பது, சிறந்த சேவை தருவது, தீர்வு காண்பது, மாற்றத்தை ஏற்பது, வளங்களைச் சரியாகப் பயன்படுத்துவது, நிறுவனத்தை முழுமையாகப் புரிந்துகொள்வது, தன்னையும் பிறரையும் வளர்ப்பது, மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்வது, பலனை எட்டுவது. கவனிக்க வேண்டியது, இதைக் கொண்டுவந்தது அலுவலர்களின் சங்கம். ஊழியர் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கருவியாக அது முன்வைக்கப்பட்டது.

இந்தியாவில் நடப்பது மேலிருந்து கீழே. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அமைச்சரவை ‘மிஷன் கர்மயோகி’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்காக, ஐந்து ஆண்டுகளில் 510.86 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட திட்டம் இது. 2021-ல் திறன் மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. ‘ஐகாட் கர்மயோகி’ என்ற இணையதளத்தில் பாடங்கள் இருக்கின்றன. விதி சார்ந்த நிர்வாகத்தில் இருந்து பங்கு சார்ந்த நிர்வாகத்துக்கு மாறுவதே நோக்கம் என்கிறது அரசு. ஒவ்வொரு பதவிக்கும் உள்ள பங்கு, அந்தப் பங்கில் உள்ள செயல்கள், அவற்றுக்கு வேண்டிய திறன்கள் என்று பிரிக்கிறார்கள். திறன்களை நடத்தை சார்ந்தவை, பணி சார்ந்தவை, துறை சார்ந்தவை என மூன்றாக வகைப்படுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் நடந்த தேசியக் கற்றல் வாரத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது 4 மணி நேரம் படிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல், எண்ணுவதற்கு எளிதானதை மட்டும் எண்ணுவதில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் வீடியோ ஓடியது என்று எண்ணலாம், திருத்த விண்ணப்பம் எத்தனை முறை திரும்பிப் போனது என்று யாரும் எண்ணுவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு ‘நாக்’ தரச்சான்று கொடுக்கப் பின்பற்றிய கையேட்டிலும், ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு எத்தனை பயிற்சி நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன என்ற கேள்வி இருந்தது. பயிற்சிக்குப் பிறகு கவுன்ட்டரில் என்ன மாறியது என்று கேட்டிருந்தால் பல கோப்புகள் காலியாக இருந்திருக்கும்.

ஊழியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் வருடாந்திர பணி மதிப்பீட்டு அறிக்கையான ‘அப்பார்’ படிவத்தில் வேலை முடித்த அளவுக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30 சதவீதம், பணித்திறனுக்கு 30 சதவீதம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் போடுபவர் மேலதிகாரி. ‘முன்முயற்சி’, ‘பொறுப்புணர்வு’ போன்ற சொற்களுக்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறாரோ அதுதான் அளவுகோல். பணித்திறன் மாதிரி வந்தால் அதுவும் பிடிக்காதவரைப் பழிவாங்க இன்னொரு படிவம் ஆகிவிடுமோ என்று சங்கங்கள் கேட்பது நியாயம்தான்.

பணிமூப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. சேர்ந்த தேதியை யாரும் திருத்த முடியாது. சிபாரிசுக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிராகச் சாதாரண ஊழியருக்கு இருக்கும் ஒரே கேடயம் அது. அதற்குப் பதிலாக வருவது அதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். ‘நல்ல அணுகுமுறை உடையவர்’ என்று எழுதுவது தெளிவு ஆகாது. ‘ஒரு விண்ணப்பத்துக்குத் தேவையான எல்லா ஆவணங்களையும் முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுக்கிறார்’ என்பது தெளிவு. அது நடந்ததா இல்லையா என்று மூன்றாவது ஆள்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதனால்தான் தொடக்க ஆண்டுகளில் மாதிரியைப் பயிற்சிக்கும் இடமாற்றத்துக்கும் மட்டும் பயன்படுத்துவது நல்லது. சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் உடனே கட்டிவிட்டால், நேர்காணலில் யாரும் சொதப்பிய கதையைச் சொல்ல மாட்டார்கள். சொதப்பிய கதை இல்லாமல் மாதிரி இல்லை.

தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர்கள் நிலை இன்னும் சிக்கல். பல பல்கலைக்கழகங்களில் கணினியில் உண்மையான வேலையைச் செய்வது அவர்கள்தான். நிரந்தர ஊழியருக்கு மட்டும் மாதிரி எழுதினால் பாதி அலுவலகம் விடுபட்டுப்போகும். அவர்களிடம் கேட்டு எழுதிவிட்டு, பயிற்சியும் சான்றும் நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றால் அது அநியாயம். அவர்கள் நிரூபித்த திறனை எழுத்தில் பதிந்து கொடுத்தால், அடுத்த வேலைக்குப் போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

ஒரு பல்கலைக்கழகம் எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாப் பதவிக்கும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தால் கமிட்டி அறிக்கை ஒன்று சிண்டிகேட்டில் வைக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். மாணவர்கள் அதிகம் வந்து போகும் மூன்று சீட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். சான்றிதழ் திருத்தம், டிரான்ஸ்கிரிப்ட், கல்வி உதவித்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர்களை முதலில் கேட்க வேண்டும், அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் மாணவர்கள் பத்துப் பேரிடமும் கேட்க வேண்டும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாத சில விஷயம் அவர்களுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதி, புது மென்பொருளோ புது விதியோ வரும்போதெல்லாம் திருத்த வேண்டும்.

எழுதிய தாளை, அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுத்து "இது உங்க வேலைதானா?" என்று கேட்பது கடைசிப் படி. "இதுல பாதி நான் செய்றதே இல்லை" என்று பதில் வந்தால், மறுபடி நேர்காணலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.